முதல் ரயில் மெதுவாகப் போகட்டும்

“கையை வேகமா போடு அத்தை. பகல் எக்ஸ்பிரஸ் வர்றதுக்குள்ள முடிக்கலேன்னா சுத்து வழியா திருப்பி விட்டுருவாங்க.”

“விடட்டுமேடா. அது என்ன, உன் மாமனார் வீட்டு வண்டியா?” என்று மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள் அத்தை.

மேஸ்திரி அவளுடைய அண்ணன் மகன். விடிந்ததிலிருந்து இதே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தான். பழைய தண்டவாளத்தைக் கழற்றி, மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகிப்போன ஜல்லியை வாரிக் கொட்டி, புது ஜல்லி பரப்பி, சிலீப்பர் கட்டைகளை அடுக்கி, புதுத் தண்டவாளமும் இறக்கியாயிற்று. ஓரத்தில் ஜல்லி நிரப்பிக் கெட்டிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அவன் பத்துத் தடவை பாதையின் வளைவை எட்டிப் பார்த்துவிட்டான்.

பெரிய இன்ஜினியரிடம் நல்ல பேர் வாங்கத் துடிக்கிறான் என்று நினைத்தாள் அத்தை. வாங்கட்டும். இவனுக்குப் பெண் பார்த்து அவள் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். எதைச் சொன்னாலும், “இந்த வேலை முடியட்டும் அத்தை” என்பான். முடித்தே கொடுத்துவிடலாமே.

“ஏய், என்ன வேடிக்கை? வாருங்கடி!” என்று கூட்டத்தை ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, தானும் குனிந்தாள்.

முடிந்தேவிட்டது. ஜல்லியைக் கெட்டிக்கும் மிஷின் இரண்டு முறை ஓடி ஒதுங்கியது. இன்ஜினியர் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தார்.

“பிரமாதம்பா. முதல் வண்டியை முப்பது கிலோமீட்டர் வேகத்துல விடலாம்.”

“வேண்டாம் சார்” என்றான் மேஸ்திரி அவசரமாக. “ஜல்லி இன்னும் உட்காரல. நடக்கிற வேகத்துல போகட்டும்.”

“சரி, பத்துலயே வரட்டும். எதுக்கு வம்பு” என்று இன்ஜினியர் போனை எடுத்தார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. “காலையிலேர்ந்து சீக்கிரம், சீக்கிரம்னு உசிரை வாங்கினே. இப்ப மெதுவா, மெதுவாங்கறே. கிறுக்கு புடிச்சிருச்சா?”

அவன் முகத்தைக் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து பாதையோரம் நின்றான்.

ரயில் வந்தது. புதுத் தண்டவாளத்தில் இன்ஜின் ஏறியது. ஜல்லி நறநறவென்றது. ஒரு சிலீப்பர்கூட அசையவில்லை. எல்லோரும் விசிலடித்தார்கள். அத்தைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மேஸ்திரி மட்டும் தண்டவாளத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பெட்டியாகப் போகவிட்டு, கடைசிப் பெட்டிக்காகக் காத்திருந்தான்.

அதில் வெள்ளைச் சீருடையில் கார்டு நின்றிருந்தாள். சின்னப் பெண். அவனுக்கு நேரே வந்ததும் தலையை வெளியே நீட்டினாள்.

“வீட்டுல சம்மதம் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை பெரியவங்களோட வந்து பொண்ணு கேளுங்க.”

மேஸ்திரி அசையாமல் நிற்க, மண்வெட்டியை வீசிவிட்டு அத்தைதான் ரயிலோடு சேர்ந்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

“ஏம்மா, காலையில வரட்டுமா, சாயங்காலமா?”