கம்பத்தில் ஒரு வேட்பாளர்

மறுபடியும் ஹார்லனின் முகத்தைக் காணவில்லை.

நேற்று மாலைதான் தன் மாட்டுக் கொட்டகைக்கு எதிரே இருந்த கரண்ட் கம்பத்தில் அதை அடித்து மாட்டியிருந்தான். 'மின் கூட்டுறவுச் சங்க இயக்குநர் தேர்தல்: உங்கள் ஓட்டு ஹார்லனுக்கே' என்று படத்தோடு போட்ட அட்டை. விடிந்து பார்த்தால் வெறும் மரக்கம்பம் நிற்கிறது. இது மூன்றாவது தடவை.

"மேவிஸ் வேலைதான் இது!" என்று பல்லைக் கடித்தான். பதினெட்டு வருஷமாக அந்த இயக்குநர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருப்பவள் மேவிஸ். இந்த வருஷம்தான் அவளை எதிர்த்து ஒருத்தன் நிற்கிறான். அவளுக்குத் தூக்கம் வருமா?

மனைவி லொரெய்ன் காபிக் கோப்பையோடு வந்து கம்பத்தைத் தடவிப் பார்த்தாள். "அட்டை மட்டுமில்ல. ஆணியையும் ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"கஞ்சக் கூட்டம். ஆணியைக்கூட விட்டு வைக்காது."

"கம்பத்துல அடிக்காதீங்க, வேலியில கட்டிக்கோங்கன்னு மேவிஸ் போன வாரம் போன் பண்ணிச் சொன்னாளே?"

"ஏன் சொல்ல மாட்டா? வேலியில கட்டினா என் மூஞ்சியை மாடுதான் பார்க்கும்!"

அன்றைக்கு ஹார்லன் ஆணி டப்பாவையே காலி பண்ணிவிட்டான். மூலைக்கு ஒன்று அடித்த காலமெல்லாம் போயிற்று. புது அட்டையின் ஓரத்தில், நடுவில், மேலே, கீழே என்று தோள் வலிக்கிறவரை அடித்தான். குறி தப்பி அட்டைக்கு வெளியே போன ஆணியையும் விடாமல் அதன் தலை வரை உள்ளே இறக்கினான். "இப்பப் பிடுங்கட்டும், பார்க்கலாம்!"

வியாழக்கிழமை சாயங்காலம், பால் கறக்கிற நேரம் பார்த்துப் புயல் அடித்தது. கரண்ட் போயிற்று. ஹார்லனின் ஜெனரேட்டரும் அன்றைக்கென்று மக்கர் பண்ணியது. தொண்ணூறு மாடுகளும் மடி கனத்துக் கத்தின.

அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் ஒரு மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஹார்லனுக்கு மட்டும் வரவில்லை. சங்கத்துக்குப் போன் பண்ணிக் கத்தினான். "உங்க பக்கம் ஒரே சேறு, ஏணி வண்டி உங்க கொட்டகைக் கம்பத்துகிட்ட வராது. லைன்மேன் டேரில் பூட்ஸ்ல கொக்கி மாட்டிக்கிட்டு, மரத்துல குத்திக் குத்தித்தான் ஏறணும்" என்றார்கள்.

கொட்டகை ஜன்னல் வழியாகப் பார்த்தான். வண்டி வந்து நின்ற வெளிச்சம் தெரிந்தது. முக்கால் மணி நேரம் ஆகியும் கரண்ட் வரவில்லை. கொட்டுகிற மழையில் வேறொன்றும் தெரியவில்லை.

"வேணும்னே உட்கார்ந்திருக்கான், பாரு! மேவிஸ் சொல்லி அனுப்பியிருப்பா!"

ஒருவழியாக விளக்கு எரிந்தது. ஹார்லன் கறவை மெஷினைப் பார்க்க ஓடினான். அதற்குள் குளிர்ச்சி நின்று, தொட்டியில் இருந்த பால் அத்தனையும் கெட்டுப்போயிருந்தது. அதைச் சாக்கடையில் திறந்துவிட்டான். இன்னும் இரண்டு தடவை இப்படி ஆனால் மாடுகளை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த நாற்காலி அவனுக்குப் பெருமைக்கு இல்லை, பிழைப்புக்கு.

விடிந்து பார்த்தால் அட்டையும் இல்லை. விடுவானா? நேரே டவுனுக்கு வண்டியை விட்டான். சங்கத்து வாசலில் நின்ற லாரியின் பின்பக்கம், மல்லாந்து கிடந்தபடி அவன் முகமே அவனைப் பார்த்துச் சிரித்தது. சத்தம் போடாமல் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை, பள்ளிக்கூட ஜிம்மில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வழக்கம்போல லைன்மேன்கள்தான் சாப்பாடு பரிமாறினார்கள். டேரில் ஒரு காலில் மாவுக்கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் அள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா காலு?"

"சறுக்கிட்டேன்."

"மேவிஸ்கிட்ட சொல்லி நல்ல பூட்ஸா வாங்கிக்கோ!" என்று சொல்லி ஹார்லன் தானே சிரித்துக்கொண்டான். டேரில் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி பீன்ஸ் வைத்தான்.

ஓட்டுப்பதிவுக்கு முன்னால் வேட்பாளருக்கு ஐந்து நிமிஷம். ஹார்லன் மைக்கைப் பிடித்தான்.

"நான் எதிர்த்து நிக்கறேங்கறதுக்காக என் வீட்டுக் கரண்டை நிறுத்தி வச்சாங்க! ஒரு தொட்டிப் பாலைக் கீழ ஊத்தினேன்! என் படத்தைத் திருடினாங்க. யாரு? இதோ, சங்கத்து லாரியே சாட்சி!" போனை உயர்த்திக் காட்டினான்.

நானூறு பேரும் கொதித்துப் போனார்கள். "பதில் சொல்லு மேவிஸ்!" என்று பின்வரிசையில் ஒருத்தர் கத்தினார். மேவிஸ் பேச எழுந்தாள். டேரில் பக்கம் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயித்தாயிற்று என்று ஹார்லனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சூட்டிலேயே டேரிலைப் பார்த்து விரலை நீட்டினான்.

"நீயே சொல்லுப்பா. முக்கால் மணி நேரம் என் கம்பத்தடியில என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

டேரில் கரண்டியை வைத்துவிட்டு, கக்கத்துக் கட்டையை ஊன்றி எழுந்தான்.

"முப்பத்தஞ்சு ஆணியைப் பிடுங்கிட்டுத்தான் ஏறினேன், ஹார்லன். முப்பத்தாறாவது, இறங்கும்போது கொக்கியில தட்டுச்சு."