பதினாறு சென்டிமீட்டர் நிலம்

ஜெனோவாவின் ஊரைக் கடல் கொண்டுபோனதும், அரசு அவளுக்குக் கடலின் அடியிலேயே பட்டா கொடுத்தது. நடுக்கடலில் பூமித் தட்டுகள் விலக விலக, பிளவில் புதுத் தரை பிறக்கும். அந்த இடத்தில் வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர். அதில் பாதி அவளுக்கு, மறுபாதி முகாமில் அடுத்த கூடாரத்து லூர்தம்மாவுக்கு. ஆளுக்குப் பன்னிரண்டு மீட்டர் சேர்ந்ததும் வீடு கட்டிக்கொள்ளலாம்.

நான்கு வருடம் முடிந்தபோது, பிறந்து ஆறே நாளான அவள் குழந்தை முகாமில் இறந்தது.

"முகாம் கல்லறை நிலமில்லாதவங்களுக்குத்தான்," என்றார் பட்டா அலுவலர். "உனக்குத்தான் சொந்த நிலம் இருக்கேம்மா. பெட்டியைக் கப்பல்ல அனுப்பி அங்கேயே வச்சிடலாம்."

அளவையும் அவரே பார்த்தார். இதுவரை பிறந்த நிலம் பதினாறு சென்டிமீட்டர் அகலம். பெட்டி இருபது.

"எல்லை தாண்டி வைக்க முடியாது. அடுத்த வருஷம் வா."

"அதுவரைக்கும் பிள்ளைய எங்க சார் வைக்கிறது?"

அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ரேஷன் அட்டைக்காகக் காலையிலிருந்து நின்ற லூர்தம்மா முன்னால் வந்தாள்.

"அட்டை கெடக்கட்டும் சார். என் பங்குல நாலு சென்டிமீட்டரை இவளுக்கு எழுதுங்க. ஏட்டி, அழாத."

"நல்லா யோசிச்சியா? அது ஒரு வருஷத்து நிலம். உன் மனை முழுசா வர முன்னூறு வருஷம். இனி முன்னூத்தியொண்ணு."

லூர்தம்மா சிலுவை போட்டுக்கொண்டு, கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

"இருந்துட்டுப் போகட்டும் சார். நான் காத்திருக்கேன்."