பீரோவின் அடித்தட்டு

மூன்றாவது கருவும் கலைந்துவிட்டது. "ரெண்டு குடும்பத்துலயும் வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா? குறை அப்பா வழியாவும் வரலாம்," என்றார் டாக்டர்.

மருமகள் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டாள். "எங்க பக்கம் அந்தப் பேச்சே கிடையாது டாக்டர். இவ பக்கம் நல்லா விசாரிங்க."

புருஷன்காரன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து வாஷிங் மெஷினைத் திறந்தாள் மருமகள். துவைத்த துணிகளுக்கு நடுவில் இந்த முறையும் அது கிடந்தது. ஒவ்வொரு கரு கலைந்த பிறகும் வருகிற, யாருமே வாங்காத, உள்ளங்கை அகலக் குழந்தைச் சட்டை. அதே புளித்த பால் நாற்றம். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மாமியார் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. சட்டையை வெடுக்கென்று பிடுங்கிப் பிழிந்தாள். "வெளியில சொல்லித் தொலைக்காதே" என்று முணுமுணுத்தபடி தன் அறைக்குக் கொண்டுபோனாள். மருமகளும் விடாமல் பின்னால் போனாள்.

பீரோவின் அடித்தட்டைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. முன்பு வந்த இரண்டு சட்டைகளும் மேலே இருந்தன. அவற்றுக்கு அடியில் பழுப்பேறிய சட்டைகள், அடுக்கடுக்காக.

"இதெல்லாம் யாரோடது அத்தை?"

"என்னோடது," என்றாள் மாமியார், புதுச் சட்டையை நீவி மடித்துக்கொண்டே. "அடியில கிடக்கறது என் மாமியாரோடது."

மருமகள் அடுக்குக்குள் கைவிட்டு அடி வரை தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடக் காய்ந்திருக்கவில்லை.