அடுப்படிக் காட்சி

"ஐயா அழுவாரா? எங்க ஐயாவா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

ஐயா நடத்திய சங்கத்தின் செயலாளர் போட்ட சத்தத்தில் ஒத்திகைக் கூடத்தின் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. நாடக இயக்குநர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அரங்கேற்றம். ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது.

கோயிலில் எல்லோருக்கும் ஒரே வாசல் என்று போராடி, அடிபட்டு, சிறைக்குப் போய், கடைசியில் அந்த வாசலைத் திறக்கவும் வைத்தவர் ஐயா. அவர் மறைந்த பிறகு தெருவுக்குத் தெரு சிலை. அந்தச் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கி, நாலு பேரைப் போல வீட்டுக்குள் நடமாட விட வேண்டும் என்பதுதான் இயக்குநரின் ஆசை. செயலாளருக்கோ ஐயா தும்மினார் என்று எழுதினால்கூடப் பிடிக்காது.

"அம்மா பார்த்துட்டுச் சொல்லட்டும் சார். அவங்க வேண்டாம்னா நாடகமே வேண்டாம்" என்றார் இயக்குநர்.

அம்மா என்றால் ஐயாவின் மனைவி. முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

ஒத்திகை தொடங்கியது. மேடையில் ஐயா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடினார். அம்மா பக்கென்று சிரித்துவிட்டார்.

"இது நிஜம். பீரோவுக்கு அடியிலகூடப் படுத்துத் தேடுவாரு."

அடுத்து, மறுநாள் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பாலைப் பொங்கவிட்டார்.

"இதுவும் நிஜம். பழியைத் தூக்கி அடுப்பு மேல போடுவாரு."

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு அந்தக் காட்சி. பெரிய ஊர்வலத்துக்கு முந்தின நாள். மனைவி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து ஐயாவின் சட்டைக்குப் பட்டன் தைக்கிறாள். அவர் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் உட்காருகிறார். சட்டையை நகர்த்திவிட்டு அவள் மடியில் தலை வைக்கிறார்.

"பயமா இருக்கு. என்னை நம்பி வர்றவங்கள்ல யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

குலுங்கிக் குலுங்கி அழுகிறார். அவள் அவர் தலையைக் கோதிவிடுகிறாள்.

"நிறுத்துங்க."

அம்மாவின் குரல்தான். நடிகர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். கொஞ்சம் முன்பு சிரித்த முகமா இது என்று இருந்தது.

"இப்படி நடக்கவே இல்லை" என்றார் அம்மா.

"நான் அப்பவே சொல்லல?" செயலாளருக்கு வாயெல்லாம் பல். "சிங்கத்தைப் போயி அழ வைக்கிறாங்களே!"

இயக்குநர் அம்மாவின் அருகில் வந்து நின்றார். "நடந்ததுன்னு சொல்லலம்மா. நானா எழுதினதுதான். அத்தனை பேரோட பாரத்தைச் சுமந்த மனுஷன், ஒரு நாளாவது பயந்திருக்க மாட்டாரா? ஊர் முன்னால அழ முடியாது. வீட்டுலயாவது அழுதிருப்பாருன்னு நெனச்சேன்." இந்த ஒரு காட்சிக்காகத்தான் நாடகத்தையே எழுதியிருந்தார்.

"அழுதாரு" என்றார் அம்மா.

செயலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் முந்தின நாள் அழுவாரு. குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, குழாயைத் திறந்து விட்டுக்குவாரு. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதாம். நான் வெளியில சட்டையும் ஊசியுமா நின்னுக்கிட்டிருப்பேன். முகத்தைக் கழுவிட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்து, 'பட்டன் தைச்சாச்சா?'ன்னு கேப்பாரு. நானும் சிரிச்சுக்கிட்டே 'ஆச்சு'ம்பேன். ஊருக்கெல்லாம் வாசலைத் திறந்து விட்டவரு, அந்தக் கதவை மட்டும் எனக்குத் திறக்கல. நானும் தட்டல."

செயலாளர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இயக்குநர் நாடகப் பிரதியைப் புரட்டி, பேனாவைத் திறந்தார். "மன்னிச்சிடுங்கம்மா. மடியில படுக்கறதை எடுத்துடறேன். குழாயையே வச்சுடலாம்."

"ஐயோ, எடுத்துடாதீங்க தம்பி!"

அம்மா பதறி எழுந்தார். கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு, மெல்ல மேடைப் படி ஏறினார். சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்த நடிகையின் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் எழுந்துக்கோ கண்ணு. ஒரே ஒரு தடவை நான் உக்காந்துக்கறேன்."