குழந்தைகள் பிரிவு

மணவாளனுக்கு நாற்பத்தாறு வயது. மூன்று வாரமாகப் பல்வலி. பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்தவர். அதனால் மருத்துவமனையில் பல் பார்க்கும் இயந்திரம், "பிளவு சிகிச்சை குழந்தைகளுக்கு மட்டும்" என்று அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது.

இன்று, கல்லூரியில் படிக்கும் மகள் தேன்மொழியோடு குழந்தைகள் பிரிவுக்கே வந்துவிட்டார். கரடிப் படம் போட்ட குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"பாப்பாவோட அம்மா கைரேகை வைங்க," என்றது இயந்திரம்.

"எங்கம்மா செத்து ஒன்பது வருஷமாச்சு!" என்று எரிந்து விழுந்தார்.

"அம்மா இல்லாம ஆரம்பிக்க முடியாது."

தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தேன்மொழி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தன் விரலை வைத்தாள்.

"பாப்பாவுக்கு நீங்க என்ன வேணும்?"

"அம்மா," என்றாள். "சீக்கிரம் பாருங்க. பிள்ளை தூங்காம அழுறான்."