தார் போடாத சாலை

எவாசியோவின் டிராக்டருக்கு முன்னால் மறுபடியும் ஒரு சைக்கிள் கூட்டம். இத்தாலியின் வெர்செல்லியில் நெல் விதைப்பு தொடங்கிவிட்டது. வயலில் தண்ணீர் கட்டியாயிற்று. அவரோ விதை மூட்டைகளோடு ஜல்லிச் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தார்.

"வழி விடுங்கப்பா! நான் என்ன ஊர்வலமா போறேன்?" என்று கத்தினார்.

காலையில் மேயரம்மாவிடமும் கத்திவிட்டுத்தான் வந்திருந்தார். இந்தச் சாலைக்குத் தார் போடச் சொல்லி எவாசியோ நடையாய் நடந்திருந்தார். இந்த வருடம் போடுவதாக இருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் கையை விரித்துவிட்டார்.

"தார் போட்டா சைக்கிள்காரங்க வர மாட்டாங்க, எவாசியோ. அவங்களுக்கு ஜல்லிதான் வேணுமாம். ஊர்ல ரெண்டு காப்பிக் கடை அவங்களாலதான் ஓடுது. இனிமே இது இப்படியேதான் இருக்கும்."

டிராக்டருக்கு முன்னால் சைக்கிளில் போன பெண் ஒதுங்கி நின்று சிரித்தாள். மிலானிலிருந்து வருகிறாளாம்.

"அருமையான ரோடு, பெரியவரே! குலுக்கி எடுத்துடுச்சு!"

"என் இடுப்பைக் கேளு, அருமையைச் சொல்லும். நாட்டுல வேற ரோடே இல்லையா? இந்தச் சேத்துக்குள்ள இப்படி ஒரு பாதை இருக்குன்னு எந்தப் புண்ணியவான் உங்களுக்குச் சொன்னான்?"

"நெட்ல ஒருத்தர் போட்டோ போட்டிருந்தாரு. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் வர்றோம்."

அவள் கைப்பேசியை நீட்டினாள். எவாசியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். படத்தில் அதே சாலை. கீழே கொட்டை எழுத்தில் இருந்தது:

"இத்தாலியிலேயே மோசமான ரோடு! பன்னிரண்டு கிலோமீட்டருக்கு வெறும் கல்லும் குழியும்தான். பொட்டுத் தார் கிடையாது. நம்பாதவங்க நேர்ல வந்து பாருங்க!"

மேயரம்மாவின் மானத்தை வாங்குவதற்காகப் போன வருடம் எவாசியோ தானே எழுதிப் போட்ட பதிவு அது.