பேசாத பேச்சுக்கு ஐந்து நட்சத்திரம்

கருத்துப் படிவத்தைப் பெட்டியில் போட்டால்தான் டி-ஷர்ட் கிடைக்கும். நைரோபி மாநாட்டு அரங்கின் வாசலில், மதியச் சாப்பாடு முடிந்த மென்பொருள்காரர்கள் சமோசா எண்ணெய் காயாத விரல்களோடு, ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்துக் கிறுக்குகிறார்கள். பெட்டி நிரம்பி வழிகிறது. மேலாகக் கிடக்கும் தாளில் என் பெயர்: நெகேசா, ஐந்து நட்சத்திரம். ‘கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்.’ அந்தத் தாளை எடுத்து நீட்டுகிறேன்.

“நான் மூணு மணிக்குத்தானேப்பா பேசவே போறேன்?”

டி-ஷர்ட் கொடுக்கும் அமைப்பாளர் கிப்ரோனோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அதுக்கென்னக்கா, நல்லாத்தானே போட்டிருக்காங்க!”

அவனுக்குப் பின்னால், எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் புது டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.